விருந்தும் மருந்தும் மூன்று நாள்தானா?

(இளைப்பாறிய அரசாங்க எழுதுவினைஞர், ஆலய பரிபாலன சபை உறுப்பினர்)

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. முதல் நாள் தலைவாழை இலை போட்டு வடை பாயசத்துடன் பரிமாறுவோம். இரண்டாம் நாள் வீட்டில் உள்ளதைப் பகிர்ந்து உண்போம். மூன்றாம் நாள் வந்தவர் தாமாகவே பையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இப்பழமொழி விருந்தினரை இகழ எழுந்ததன்று. இருபக்கத்தாரும் முகம் கோணாமல் பிரிவதற்கு வழி சொல்வது என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

ஆனால் பிறர் பெற்ற பிள்ளையை மூன்று நாளல்ல, மூன்று நான்கு மாதங்கள் தம் வீட்டில் வைத்திருக்க ஒருவர் சம்மதித்தால் விருந்தோம்பல் என்னவாகிறது? வந்த பிள்ளை இன்னொரு நாட்டின் படைக்குப் போகப்போகும் பிள்ளையாயின், அப்பிள்ளைக்குச் சோறு போடுபவர் அந்நாட்டின் செயல்களுக்கும் உடன்பட்டவர் ஆகிறாரா? 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் தொடக்கம் ஆறு மாத காலம் கனடாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது இக்கேள்விகள் என் மனத்தில் எழுந்தன. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, தலவரலாற்றையும் திருப்பணி வரலாற்றையும் அறிந்தவர்கள் எழுதுவார்கள், கோவை கட்டிய எழுதுவினைஞனாகிய நான் கண்டதையும் யோசித்ததையும் எழுதலாம் என்று துணிந்தேன்.

அயல்வீட்டுக்கு வந்த பிள்ளை

மகன் வசிப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே தோர்ன்ஹில் என்னும் இடத்தில். பதர்ஸ்ற் வீதியை ஒட்டிய அப்பகுதியில் யூத மக்கள் செறிந்து வாழ்கின்றனர். அயல்வீட்டாரும் யூதர்களே. கணவன், மனைவி, பல்கலைக்கழகம் செல்லும் மூத்த மகன், பள்ளி செல்லும் இளைய மகள் என நால்வர். நான் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் அவ்வீட்டுக்கு ஐந்தாவதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வயது பதினெட்டு. இஸ்ரேலில் உயர்தரப் படிப்பை முடித்தவள்.

அவள் உறவுப்பிள்ளை அல்லள் என்று மருமகள் சொன்னபோது வியப்படைந்தேன். பின்னர் விபரம் அறிந்துகொண்டேன். இஸ்ரேலில் பெரும்பாலான யூத இளைஞர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், பாடசாலை முடிந்ததும் கட்டாயப் படைச்சேவைக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன் ஓராண்டைச் சமூகப் பணிக்குக் கொடுக்க விரும்புவோருக்குப் படைச்சேவை ஓராண்டு பிற்போடப்படுகிறது. எபிரேய மொழியில் இதனை 'ஷ்நாத் ஷெரூத்', அதாவது சேவை ஆண்டு என்பர். அவ்விரு சொற்களின் முதலெழுத்தும் 'ஷின்' ஆதலால் இப்பிள்ளைகளை 'ஷின்ஷினிம்' என்று அழைக்கின்றனர். பலர் தம் நாட்டிலேயே வசதி குறைந்த ஊர்களிலும் சிறுவர் விடுதிகளிலும் பணிபுரிகின்றனர். ஒரு பகுதியினரை, 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யூத முகவர் நிலையம் என்னும் அமைப்பு, கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் உள்ள யூத சமூகங்களுக்கு அனுப்புகிறது. உலக யூதரில் ஏறத்தாழ அரைப்பங்கினர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்வதால், இரு பகுதியாருக்கும் இடையே பாலமாக இப்பிள்ளைகள் விளங்க வேண்டும் என்பது நோக்கம். யூதப் பாடசாலைகளிலும் ஜெபாலயங்களிலும் கோடைகால முகாம்களிலும் சிறுவர்களுக்கு மொழியும் பாட்டும் பண்டிகைகளும் சொல்லிக்கொடுப்பார்கள்.

தங்குவதற்கு விடுதி இல்லை. சமூகத்துக் குடும்பங்களே மாறி மாறித் தம் வீட்டில் வைத்திருக்கின்றன. ஒரு வீட்டில் மூன்று நான்கு மாதம், பின்பு அடுத்த வீடு. ஓராண்டில் ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று தாய் தகப்பன் அமைந்து விடுகின்றனர்.

கோயில் இழந்தவர்களின் மேசை

யூதர்களின் ஜெருசலேம் தேவாலயத்தை கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் இடித்தனர். அதன்பின் பலியிடவும் பூசை செய்யவும் அவர்களுக்குக் கோயில் இல்லை. கோயில் இருந்த காலத்தில் பலிபீடம் செய்த பாவநிவர்த்தியை இப்போது மனிதனின் உணவு மேசை செய்கிறது என்று அவர்களது தல்மூத் நூல் கருதுகிறது. அம்மேசையில் விருந்தினருக்கு இடம் கொடுப்பதாலேயே இப்பெருமை என்று உரைகாரர் விளக்குவர். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் எனக்கு இக்கருத்து பெரிதாகப்பட்டது.

அவர்களது ஆதிபிதா ஆபிரகாமின் கதையும் அறியத்தக்கது. முதிர்ந்த வயதில் ஆபிரகாம் வெயில் வேளையில் கூடார வாசலில் இருந்தபோது இறைவன் தோன்றினார். அவ்வேளை வழிப்போக்கர் மூவர் வரக்கண்டு, ஆபிரகாம் ஓடிச்சென்று அவர்களை வரவேற்றார். இறைவனையே காத்திருக்க வைத்துவிட்டு விருந்தினரைக் கவனித்தார் என்றும், எனவே இறைவனைத் தரிசிப்பதிலும் விருந்தினரை வரவேற்பது பெரிது என்றும் யூத அறிஞர் பொருள் கொண்டனர்.

நமக்கு இளையான்குடி மாறநாயனார் நினைவுக்கு வருவார். மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியாருக்கு அமுதளிக்க, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்தவர் அவர். விறகில்லாதபோது வீட்டுக் கூரையின் வரிச்சை அறுத்துக் கொடுத்தவர். வந்த அடியாரே சிவபெருமானாகச் சோதி வடிவில் தோன்றினார். நம் புராணத்தில் விருந்தினரே கடவுள். அவர்கள் மரபில் விருந்தினருக்காகக் கடவுள் காத்திருக்கிறார். இரண்டும் ஓர் அறத்தையே வற்புறுத்துகின்றன.

எனினும் மாறநாயனாரின் விருந்து ஓரிரவு விருந்து. மறுநாளும் அதன் மறுநாளும் அடியார் அங்கேயே தங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் புராணம் சொல்லவில்லை.

பந்தலில் ஒரு கேள்வி

அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில் யூதர்களின் 'சுக்கோத்' பண்டிகை தொடங்கியது. எகிப்திலிருந்து வெளியேறி நாற்பது ஆண்டு பாலைவனத்தில் அலைந்ததை நினைந்து, பின்வளவில் பந்தல் போட்டு ஒரு வாரம் அதில் உணவருந்துவர். இலை தழைகளால் வேய்ந்த கூரையூடாக நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது விதி. அப்பந்தலுக்கு விருந்தினரை அழைப்பது விசேட புண்ணியம். ஒக்ரோபர் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை எங்களையும் அழைத்தனர். நான் மரக்கறி உண்பவன் என்றறிந்து வேறாகச் சமைத்திருந்தனர்.

அப்பெண் என்னருகில் இருந்தாள். இஸ்ரேலில் தன் வீட்டில் சமய ஆசாரம் அதிகமில்லை என்றும், இறைச்சிக்கும் பாலுக்கும் வெவ்வேறு பாத்திரம் வைப்பதையும் வெள்ளிக்கிழமை மாலையில் ஒழுங்காக விளக்கேற்றுவதையும் இங்கேதான் பழகுகிறேன் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். படிப்பிக்க வந்த பிள்ளை தானே படிக்கிறது என்று மகிழ்ந்தேன்.

அன்பர்களே, இஸ்ரேல் என்ற சொல்லைக் கேட்டால் நம் பகுதியாருக்கு முதலில் நினைவு வருவது எது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டு முதல் இலங்கை விமானப்படை அந்நாட்டிடமிருந்து பெற்ற கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இம்மலரை வாசிப்போரில் பலர் உள்ளனர். எனவே நான் கேட்டுவிட்டேன். "பிள்ளை, கிபிர் என்றால் உங்கள் மொழியில் என்ன?"

"சிங்கக்குட்டி, அங்கிள். ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். என்னுடைய வகுப்பிலும் இரண்டு கிபிர் இருந்தார்கள்" என்றாள். ஏன் கேட்கிறீர்கள் என்றாள். சொன்னேன். மகன் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினான். அவள் சற்றுநேரம் பேசாமலிருந்து, "இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை" என்றாள். வீட்டுக்கார அம்மா கதையை மாற்றவில்லை. "அவர் சொல்வதைக் கேள்" என்று அப்பெண்ணிடம் கூறி, என்னை முழுவதும் சொல்ல விட்டார்.

விருந்துக்குப் போன இடத்தில் பண்பில்லாமல் நடந்தேனோ என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஒக்ரோபர் 7

சில தினங்களின் பின், ஒக்ரோபர் 7ஆம் திகதி, ஹமாஸ் இயக்கத்தினர் தெற்கு இஸ்ரேலில் புகுந்து நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். கனடாவில் அப்போது வெள்ளி நள்ளிரவு. ஓய்வுநாளும் பண்டிகையுமாதலால் அயல்வீட்டார் தொலைபேசியைத் தொடுவதில்லை. ஆசாரம் பார்க்காத அப்பெண்ணின் கையில்தான் தொலைபேசி இருந்தது. செய்தியறிந்து மாடிப்படியில் இறங்கி வந்தவளை வீட்டுக்கார அம்மா விடியும்வரை அணைத்துக்கொண்டிருந்தாராம். உயிர் காக்கும் காரியத்துக்கு ஓய்வுநாள் விதி தடையில்லை, தொலைபேசியைத் திறந்தே வை என்று அவரே சொன்னாராம். வந்து ஒரு மாதமே ஆன இப்படிப்பட்ட பிள்ளைகள் அன்று பல நாடுகளில் அந்நியர் வீட்டுப் படிகளில் இருந்திருப்பார்கள்.

நான் மூன்று நாட்கள் அவ்வீட்டுக்குப் போகவில்லை. காசாவில் குண்டு விழத் தொடங்கிய படங்களும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தன. இடிந்த வீட்டின் முன் நிற்கும் தாயைக் கண்டால் அவர் எந்த நாட்டவர் என்று பார்க்க எனக்குத் தெரியாது. துக்கம் விசாரிக்கப் போவது ஒரு பக்கம் சேர்வதாகிவிடுமோ என்று தயங்கினேன். நான்காம் நாள், துக்க வீட்டுக்குப் போகாமலிருக்க எந்தச் சாத்திரத்திலும் நியாயமில்லை என்று தோன்றியது. அவர்களது சமையல் விதிக்கு எங்கள் வீட்டுச் சமையல் ஒத்துவராது. வெட்டாத முழுப்பழத்துக்குத் தடையில்லை என்று மருமகள் சொன்னதால் ஒரு பை தோடம்பழம் கொண்டுபோனேன்.

அப்பெண் மேசையில் உண்ணாமலிருந்தாள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறாள், தாயோ வராதே என்கிறார். வீட்டுக்கார அம்மா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "நீ எதைத் தீர்மானித்தாலும் சாப்பிட்டுவிட்டுத் தீர்மானி. பட்டினி கிடந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று உரத்த குரலில் ஏசினார். பெண் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அந்த ஏச்சு எனக்குப் பழக்கமானது. அதை நான் தென்மராட்சியில் கேட்டிருக்கிறேன்.

தென்மராட்சி வீடும் எங்கள் வீடும்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்ததை மறந்தவர் இல்லை. மனைவி, பத்து வயது மகன், தாயார் ஆகியோருடன் தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒரு வீட்டு வாசலில் நின்றோம். அவ்வீட்டு அக்கா இரண்டு அறையில் ஒன்றை ஒழித்துத் தந்தார். ஆறு மாதம் இருந்தோம். முதல் வாரம் இரு பக்கமும் சிரிப்பு. பின்னர் கிணற்றடியிலும் விறகிலும் சிறு சிறு மனத்தாங்கல்கள் வந்தன. ஒருநாள் மகன் இருட்டியபின் வீடு வந்தபோது அக்கா ஈர்க்கை எடுத்து, "உன்னைத் தேடி நான் எத்தனை வீடு ஏறி இறங்கினேன் தெரியுமா?" என்று அடிக்கப் போனார். என் மனைவிக்கு முகம் சுருங்கியது. என் தாயாரோ, "இனி நாங்கள் இந்த வீட்டில் விருந்தாளி இல்லை, பயப்படாதே" என்றார்.

இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 2000ஆம் ஆண்டு தென்மராட்சி சண்டைக்களமானபோது, வானில் கிபிர் இரைய, அதே அக்கா தம் பிள்ளைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நல்ல அறையைக் கொடுத்தேன். வேளைக்குச் சாப்பாடு, நிவாரண அட்டைக்கு விண்ணப்பம், பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதி என அலுவலகத்தில் செய்வதுபோலவே செய்தேன். ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை. நாற்பது நாள் கழித்து அக்கா வேறிடம் பார்த்துக்கொண்டு புறப்பட்டார். என்ன குறை வைத்தோம் என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லைத் தம்பி. நீங்கள் எங்களைக் கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருந்தீர்கள். எத்தனை நாளைக்குச் சிரித்துக்கொண்டிருப்பது?" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வார்த்தையின் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. தோர்ன்ஹில் வீட்டு மேசையில்தான் விளங்கியது. நான் அக்காவை மூன்று நாள் விருந்தினராக நாற்பது நாள் வைத்திருந்தேன்.

தம்மவரை உபசரிப்பது அறமாகுமா?

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். யூதர் யூதப் பிள்ளையை வைத்திருக்கின்றனர். இதில் என்ன அறம், இனப்பற்றுத்தானே என்பர். நாமும் தமிழரைத் தமிழர் வீட்டில் சேர்த்தவர்களே. இனப்பற்று அறத்தின் முழுமையன்று, ஆயினும் தொடக்கமாகலாம் என்பது என் கருத்து. தன் வீட்டுப் படியையே தாண்டாத அன்பு அயலூருக்குப் போய்ச்சேராது. ஆனால் அது அங்கேயே நின்றுவிட்டால் குறையே. அந்நியரை நேசிக்க வேண்டும், ஏனெனில் எகிப்தில் தாமும் அந்நியராக இருந்தவர்கள் என்று யூத வேதம் அவர்களுக்குப் பல இடங்களில் நினைவூட்டுகிறது. காசாவில் அதே பதினெட்டு வயதில் உள்ள பிள்ளைக்குச் சேவை ஆண்டும் இல்லை, ஏந்திக்கொள்ள இன்னொரு நாட்டில் இரண்டு மூன்று தாய் தகப்பனும் இல்லை. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபரில் போர்நிறுத்தம் வருவதற்குள் அங்கே பல்லாயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் சிறுவர்.

இப்பிள்ளைகள் பாட்டும் பண்டிகையுமாக ஒரு நாட்டின் அழகிய முகத்தை மட்டும் காட்டுகின்றனர், பலஸ்தீனரின் கதை அதில் இல்லை என்று குறை கூறும் யூதர்களும் உள்ளனர். அயல்வீட்டு மூத்த மகனே அவ்வாறு சொன்னவன்தான். அந்த மாரிகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இராப்போசனத்தில் நானும் இருந்தேன். வழக்கப்படி தகப்பனார் தம் இரு பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பின் அப்பெண்ணின் தலையிலும் வைத்தார். உணவு தொடங்கியதும் காசாவைப் பற்றி மகனுக்கும் அவளுக்கும் வாக்குவாதம் மூண்டது. என் தோழி செத்துவிட்டாள் என்றாள் அவள். அங்கே சாகும் குழந்தைகள் யாருடைய தோழர்கள் என்றான் அவன். அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தகப்பனார், "இந்த மேசையில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எழுந்து போவது மட்டும் கூடாது" என்றார். அவள் இருந்தாள். இருவரும் பேசாமல் சாப்பிட்டனர். முடிவில் அவன் அவளது கோப்பையையும் சேர்த்துக் கழுவினான்.

சனவரியில் அவள் இரண்டாவது குடும்பத்துக்கு மாறினாள். வெள்ளிக்கிழமைகளில் இங்கே வந்து போவாள். அடுத்த கோடையில் நாடு திரும்பிப் படையில் சேர்ந்ததாக மகன் பின்பு சொன்னான்.

ஏசும் உரிமை

அவளை வைத்திருந்த குடும்பம் அப்படையின் செயலுக்குப் பொறுப்பாகுமா? சோறு போட்டதற்காக ஆகாது என்பதே என் முடிவு. பசித்த பிள்ளையின் கோப்பையில் நாட்டின் கணக்கை எழுதக்கூடாது. ஆனால் நான்கு மாதம் வைத்திருந்து சிரிப்பு மட்டும் காட்டி அனுப்பியிருந்தால் ஓரளவு பொறுப்பு உண்டு என்பேன். ஏனெனில் நீண்ட விருந்தில் உபசரிப்பவருக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. சாப்பிடு என்று ஏசவும், அவர் சொல்வதைக் கேள் என்று கட்டளையிடவும், நீ சொல்வது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் உரிமை. அதே உரிமை விருந்தினருக்கும் உண்டு. அன்பு போதியளவு சேர்ந்த இடத்தில்தான் உண்மை ஏறும். அந்த உரிமையைப் பயன்படுத்தாது விடுவது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அது தள்ளி வைத்தலே.

ஒரு சொல்லைக் கேட்டதும் அப்பெண்ணின் போக்கு மாறிவிட்டது என்று நான் கூறவில்லை. ஆயினும் சிங்கக்குட்டி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை அறிந்த ஒரு பிள்ளை அப்படையில் இருக்கிறது. அவளுடைய நாட்டுக்கும் ஒரு முகம் உண்டு என்பதை அறிந்த ஒருவன் நம்மூரில் இருக்கிறான். மூன்று நாள் விருந்தில் இவ்விரண்டும் நடந்திரா.

நம் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வெளிநாடுகளிலிருந்து நம் பிள்ளைகளின் பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுக்கு அறையும் குளிர்பானமும் கொடுத்து, படமெடுத்து, சிரித்து அனுப்பி வைக்கிறோம். வருபவர்களும் அவ்வாறே சிரித்துவிட்டுப் போகின்றனர். அடுத்த திருவிழாவில் மடைப்பள்ளியில் தேங்காய் துருவ அவர்களையும் கூப்பிடுவோம். பிழையாகத் துருவினால் ஏசுவோம். நம்மில் அவர்கள் காணும் பிழைகளையும் சொல்ல விடுவோம்.

தென்மராட்சி அக்கா இன்று நம்மிடையே இல்லை. அவரிடம் கேட்கத் தவறிய மன்னிப்பை இம்மலரில் கேட்டுக்கொள்கிறேன். எவ்வூரில் எவ்வினத்துப் பிள்ளையும் பசியின்றியும் பயமின்றியும் ஒரு மேசையில் இருந்து உண்ணும் காலம் வர, எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் பாதம் பணிந்து அமைகிறேன்.